அலமாரிச் சாவி யார் கையில்?

(தேசிய நூலக வாரத்தை ஒட்டிக் கடலூரில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, அலுவல்களுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, மாநகராட்சி மாமன்ற உறுப்பினர் பெருமக்களே, ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகி அதற்குப் பிறகும் நூலகத்துக்கு வந்துகொண்டிருக்கும் அபூர்வமான புரவலர்களே, நாற்காலி போதாமல் கதவோரம் நிற்கும் ஆசிரியர்களே, கல்லூரிப் பிள்ளைகளே, காலையிலிருந்து கூட்டிப் பெருக்கி ஒலிபெருக்கி கட்டிய தோழர்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்தீர்களே, அதற்குத் தனியாக ஒரு வணக்கம்.

'நூலகத்துக்குள் நுழைகையில்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான்கு செய்திகள் சொல்லப்போகிறேன். ஒன்று வாசனை, இரண்டு வரிசை, மூன்று பூட்டு, நான்கு பிள்ளைகள் பகுதி. நான்குக்கும் சேர்த்து ஒரே ஒரு பழமொழிதான் கையில் வைத்திருக்கிறேன்: கண்டது கற்கப் பண்டிதன் ஆவான். நாம் என்ன செய்கிறோம்? வீட்டில் பிள்ளையைப் பார்த்து "கண்டதையும் படிக்காதே" என்கிறோம். பெரியவர்கள் சொன்னதற்கு நேர் எதிர்!

இந்த ஊரில் நின்று புத்தகத்தைப் பற்றிப் பேசுவதற்குக் கொஞ்சம் கூச்சப்படத்தான் வேண்டும். 'லோகவிபாகம்' என்று ஒரு சமண நூல். சக ஆண்டு 380, அதாவது கி.பி. 458இல், பாண நாட்டுப் பாடலிகையில் எழுதி முடித்ததாக அந்த நூலே சொல்கிறது. அந்தப் பாடலிகை நம் திருப்பாதிரிப்புலியூர்தான் என்பது ஆய்வாளர் பலருடைய முடிவு. சுழியத்தை இடமதிப்போடு எழுதிய மிகப் பழைய நூல்களில் ஒன்று அது. புதுமைப்பித்தன் 1906இல் பிறந்ததும் இதே திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தனும் கடலூர்க்காரர். அவ்வளவு பெரிய ஊர்ப்பெருமையை வைத்துக்கொண்டு அலமாரியைப் பூட்டி வைத்திருக்கிறோம். அதற்கு வருகிறேன்.

முதலில் வாசனை. புத்தகப் பிரியர் உள்ளே வந்ததும் மூச்சை ஒருமுறை இழுப்பார். பழைய தாளில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் ஆண்டுக்கணக்கில் மெல்லச் சிதைகிறது. அப்போது வனிலா, பாதாம் போன்ற ஒரு இனிப்பு மணம் கிளம்பும். மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்த மலிவுத் தாளில் லிக்னின் அதிகம். அதனால்தான் பழைய மலிவுப் பதிப்புகள் மணக்கவும் செய்கின்றன, பழுத்து ஒடியவும் செய்கின்றன. இது முதுமையின் மணம். பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது இன்னொரு வாடை. ஈரத்துணியைச் சுருட்டி வைத்துப் பிரித்தால் வருமே, அந்த நெடி. அது பூஞ்சை. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடலூரில் 65க்குக் கீழே இறங்கினால்தான் அதிசயம்! இந்த வாடை முதலில் எங்கே கிளம்பும் தெரியுமா? ஜன்னலோரத் திறந்த அடுக்கில் கிளம்பாது. சுவரை ஒட்டி நிறுத்திய, கண்ணாடிக் கதவு பூட்டிய இரும்பு அலமாரியில்தான் கிளம்பும். மழைச்சுவர் குளிர்கிறது, பின்தகடு குளிர்கிறது, உள்ளே காற்றோட்டம் இல்லை, ஈரம் அங்கேயே குந்திக்கொள்கிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று பூட்டியது பூஞ்சைக்குப் பத்திரமாகிவிடுகிறது. பாச்சை உருண்டை போட்டால் போதும் என்பார்கள். அது ஓரளவு பூச்சியை விரட்டும், பூஞ்சையை ஒன்றும் செய்யாது, நூலகருக்குத் தலைவலிதான் மிச்சம். இராமபாணப் பூச்சிக்கும் இருட்டும் ஈரமும் யாரும் தொடாத இடமும்தான் பிடிக்கும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். அடித்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயர்ந்திருக்கட்டும். ஒரு ஈரப்பதமானி வாங்கி மாட்டுங்கள். இதில் எதற்கும் பெரிய நிதி வேண்டாம்.

2011 டிசம்பர் 30இல் தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த மாவட்டம் இது. நனைந்த புத்தகம் பற்றி ஒரு வார்த்தை. வெயிலில் காயப்போடாதீர்கள், அட்டை வளைந்துகொள்ளும். வலிந்து விரிக்காதீர்கள், ஈரத்தாள் கிழியும். பத்துப் பதினைந்து தாளுக்கு ஒரு மையொற்றுத் தாளோ அச்சடிக்காத வெள்ளைத் தாளோ செருகி, மின்விசிறிக் காற்றில் வைத்து, செருகிய தாளை அடிக்கடி மாற்றுங்கள். வழவழப்புத் தாளில் அச்சான படப் புத்தகங்களை முதலில் கவனியுங்கள். அவை ஈரத்தோடு ஒட்டிக் காய்ந்துவிட்டால் செங்கல்தான். எல்லாவற்றுக்கும் சேர்த்து நமக்கு இருப்பது ஏறக்குறைய இரண்டு நாள். அதற்குள் பூஞ்சை புறப்பட்டுவிடும். சாவி வைத்திருப்பவர் ஊரில் இல்லை என்றால் அந்த இரண்டு நாளும் போச்சு!

அடுத்தது வரிசை. நுழைந்த புத்தகப் பிரியர் நேரே அடுக்குக்குப் போவதில்லை. முதலில் இரவல் மேசையில், திருப்பித் தந்த புத்தகக் குவியலைப் பார்ப்பார். இன்னொருவர் இப்போதுதான் படித்து முடித்தது என்பதே அதற்கு ஒரு கவர்ச்சி. பிறகு அடுக்கு. கழுத்து தானாகச் சாயும். ஆங்கிலப் புத்தகங்களின் முதுகில் தலைப்பு மேலிருந்து கீழே ஓடும், தலை வலப்பக்கம் சாய வேண்டும். பிரெஞ்சுப் புத்தகங்களில் கீழிருந்து மேலே. புதுச்சேரியில் 1827இல் தொடங்கிய நூலகம், இன்றைய ரோமன் ரோலன் நூலகம், அதில் ஒரு அடுக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் கழுத்துக்கு நல்ல உடற்பயிற்சி. தமிழில் இரண்டு விதமும் வருகிறது, நாம் தலையாட்டிக்கொண்டே போக வேண்டியதுதான்.

முதுகின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். மேல்வரி வகைப்பாட்டு எண், கீழ்வரி ஆசிரியரைக் குறிக்கும். அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி வகுத்த பகுப்புமுறையில் தமிழ் இலக்கியம் 894.811. அதில் கவிதை 894.8111, நாடகம் 894.8112, கதை 894.8113. எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான்: 894.811 முன்னால் வருமா, 894.9 முன்னால் வருமா? 811 பெரிய எண், ஆகவே அது பின்னால் என்று நினைத்துச் செருகிவிடுகிறார்கள். புள்ளிக்குப் பிறகு ஒவ்வொரு இலக்கமாகப் படிக்க வேண்டும். 8க்குப் பிறகுதான் 9. தப்பான இடத்தில் செருகிய புத்தகம் தொலைந்த புத்தகம். பதிவேட்டில் இருக்கும், அறையில் இருக்கும், தேடுகிறவர் கையில் மட்டும் கிடைக்காது. எடுத்தால் மேசையில் வையுங்கள், அடுக்குவதை நூலகரிடம் விட்டுவிடுங்கள். எடுக்கும்போதும் முதுகின் மேல்விளிம்பில் விரலை மாட்டி இழுக்க வேண்டாம், அங்கேதான் முதலில் கிழியும். இரு பக்கத்துப் புத்தகங்களையும் கொஞ்சம் உள்ளே தள்ளி, நடுமுதுகைப் பிடித்து எடுங்கள்.

வரிசையின் அருமை எதில் தெரியும் என்றால், தேடாதது கிடைப்பதில் தெரியும். பண்ணுருட்டிக்காரர் ஒருவர் முந்திரி பற்றித் தேடி 634.5க்குப் போகிறார். கொஞ்சம் இடப்பக்கம் கண் போனால் 634.3. நாரத்தை, எலுமிச்சையோடு பலா குடும்பத்தையும் அங்கே சேர்த்து வைத்திருக்கிறார் டூயி. பலாவையும் எலுமிச்சையையும் எப்படி ஒரே வீட்டில் குடிவைத்தாரோ, அவருக்கே வெளிச்சம். ஆனால் முந்திரி தேடி வந்தவர் பலாவையும் எடுத்துக்கொண்டு போவார். கண்டது கற்கப் பண்டிதன் ஆவான். 'கண்டது' என்பதற்கு முதல் நிபந்தனை என்ன? கண்ணில் பட வேண்டும். பட்டியலில் பெயர் எழுதிக்கொடுத்து, ஊழியர் உள்ளே போய் எடுத்து வரும் இடத்தில் முந்திரி கிடைக்கும், பலா கிடைக்காது.

இங்கே சீர்காழிக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. இங்கிருந்து சிதம்பரம் தாண்டி, கொள்ளிடம் கடந்தால் சீர்காழி. அங்கே 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆகிறார். கணக்கு வகுப்பில் பிள்ளைகளோடு பேசிப் பழகினவர், நூலகத்தில் பேச ஆள் இல்லை. ஒரே வாரம்! "என்னைக் கணக்கு வகுப்புக்கே அனுப்பிவிடுங்கள்" என்று போய் நிற்கிறார். மேலே இருந்தவர்கள் கெட்டிக்காரர்கள். "முதலில் லண்டன் போய் நூலகத் தொழில் கற்று வா, வந்த பிறகும் பிடிக்காவிட்டால் வாத்தியார் வேலை உனக்கே" என்றார்கள். ஐயா கப்பல் ஏறிவிட்டார். அங்கே ஊர் ஊராக நூலகம் பார்க்கிறார். ஒருநாள் லண்டனில் ஒரு பெரிய கடைக்குப் போகிறார். நாமாக இருந்தால் சட்டை பார்ப்போம், சீப்பு பார்ப்போம். இவர் பொம்மைப் பகுதியில் நின்றுவிட்டார். மெக்கானோ என்ற விளையாட்டுப் பெட்டி. துளை போட்ட தகடு, கம்பி, திருகாணி, மரை. இதே துண்டுகளை ஒருவிதமாகப் பூட்டினால் ஒரு பொம்மை, கழற்றி வேறுவிதமாகப் பூட்டினால் இன்னொரு பொம்மை. கணக்கு வாத்தியாருக்குப் பொறி தட்டிவிட்டது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் முன்கூட்டியே ஒரு கூண்டு செய்து வைப்பானேன்? பொருளைத் துண்டுகளாகப் பிரித்துக்கொண்டு, புத்தகம் வரும்போது பூட்டிக்கொண்டால் போகிறது! துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே திருகாணியாக முக்காற்புள்ளி, ஆங்கிலத்தில் 'கோலன்'. அதுதான் 1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை. வாத்தியார் வேலையை அவர் திரும்பக் கேட்கவே இல்லை.

கதை முடியவில்லை. 1928இல் நூலகவியலின் அடிப்படை விதிகள் என்னென்ன என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய பழைய கணக்குப் பேராசிரியர் எட்வர்ட் ராஸ் நூலகத்துக்கு வருகிறார். சீடர் படும்பாட்டைக் கேட்டுவிட்டு, புத்தகங்கள் பயன்பாட்டுக்கே என்பதுதானே உன் முதல் விதி என்று சிரித்துக்கொண்டே எடுத்துக்கொடுத்தார். மற்ற நான்கும் தானாக வந்து விழுந்தன. ஐந்து விதிகளும் 1931இல் நூலாயின. அதே 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மாட்டுவண்டிக்குக் கதவு ஏது, பூட்டு ஏது!

அந்த முதல் விதியை விளக்க ரங்கநாதன் எடுத்துக்கொண்டது சங்கிலி. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டியிருந்தார்கள். இங்கிலாந்தில் ஹெரிபோர்டு தேவாலயத்தில் அந்தச் சங்கிலி நூலகம் இன்றும் காட்சிக்கு இருக்கிறது. நாம் அதைக் கேட்டுச் சிரிக்கிறோம். சங்கிலியிலாவது புத்தகத்தைத் தொட முடிந்தது ஐயா! நம் கண்ணாடிக் கதவில் அதுவும் இல்லை.

நூலகரைக் குறை சொல்லவில்லை, அவர் என் சகோதரர். அவர் ஏன் பூட்டுகிறார்? இருப்புச் சரிபார்ப்பில் புத்தகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர் என்ற பயம். இதற்கு வழி இருக்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி எண் 215. இரவல் போனதும் எடுத்துப் பார்த்ததுமான ஆயிரம் புத்தகத்துக்கு ஆண்டுக்கு ஐந்து தொலைவது நியாயமான இழப்பு என்கிறது. நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூல் என்றால் விசாரிக்க வேண்டும், அரிய நூலுக்கு விலை பார்க்காமலே விசாரிக்க வேண்டும். எவ்வளவு தெளிவு! புத்தகம் புழங்கினால் கொஞ்சம் குறையும் என்று அரசாங்கமே ஒப்புக்கொள்கிறது. புழங்காத புத்தகம் மட்டும்தான் முழுக் கணக்கோடு இருக்கும், பூஞ்சையோடு.

சொத்துவரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோம். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி கட்டும் வரி இது. ஆகவே மாவட்ட நூலக அலுவலர் அவர்கள் முன்னிலையில் மரியாதையோடு கேட்கிறோம். ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் வரைக்கும், இரவலுக்குரிய புத்தக அலமாரிகளின் கதவு நூலகம் திறந்திருக்கும் நேரம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். அரிய நூல், கையெழுத்துப் படி இவற்றுக்கு மட்டும் பூட்டு. இயல்பான இழப்புக்கு நூலகர் பொறுப்பில்லை என்பது எழுத்தில் அவர் மேசைக்கு வர வேண்டும். கண்டது கற்கப் பண்டிதன் ஆவான் என்று சுவரில் எழுதி வைத்தால் போதாது, காண விட வேண்டும்.

தலைவர் ஐயா துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். பிள்ளைகள் பகுதியைத் தொடவே இல்லை, மன்னிக்கணும். கீழ்த்தட்டு பிள்ளை கைக்கு எட்ட வேண்டும், அங்கேயும் பூட்டுக் கூடாது. இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடியும்.

இந்தக் கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயர், ஊர், உறுப்பினர் எண், கையெழுத்து, நான்கும் வேண்டும். உறுப்பினர் இல்லாதவர்களுக்கு விண்ணப்பப் படிவமும் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். பேனாவை யாரோ நூல் போட்டு மேசைக்காலோடு கட்டியிருக்கிறார்கள். வரும்போதே பார்த்தேன். அதை முதலில் அவிழ்த்துவிடுங்கள், பிறகு கையெழுத்துப் போடலாம். வணக்கம்.