அடுத்த ஒப்பந்தப் பேச்சிலேயே கேட்போம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

குடும்ப வன்முறைக்கு ஆளான தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும் என்பதில் இரு அணிக்கும் சண்டை இல்லை. அதைத் தொழிற்சங்கம் இப்போதே முதலாளியோடு போடும் கூட்டு ஒப்பந்தத்தில் பேசி வாங்க வேண்டும் என்கிறோம் நாங்கள். சட்டம் வரட்டும், அதுவரை வருடாந்திர விடுப்பு போதும் என்கிறார் எதிரணித் தலைவர்.

போதாது ஐயா. சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டப்படி மூன்று மாதம் வேலை பார்த்த பிறகுதான் வருடாந்திர விடுப்பு. முதல் ஆண்டுக்கு 7 நாள். நீதிமன்றத்துக்குப் போன நாளுக்கு எந்த டாக்டரும் எம்சி, அதாவது மருத்துவச் சான்று, தரமாட்டார். இந்த நிலையில் ஒரு துப்புரவு ஊழியர், கணவர் தன்னை அடிக்கக் கூடாது என்று நீதிமன்றம் தடுக்கும் தனிநபர் பாதுகாப்பு உத்தரவு கேட்கிறார் என்று வையுங்கள். மனுவில் சொன்னது உண்மை என்று உறுதிமொழி எடுக்க ஒரு நாள். அழைப்பாணை போன பிறகு இரு தரப்பும் நீதிபதி முன் நிற்க ஒரு நாள். கணவர் மறுத்தால் விசாரணைக்கு மேலும் நாள்கள். காயத்துக்கு மருத்துவ அறிக்கை, தங்க வேறு இடம், பிள்ளைக்குப் பள்ளி மாற்றம் என்று அதற்கும் அலைய வேண்டும். சொன்ன தேதியில் மனுதாரர் வராவிட்டால் மனு தள்ளுபடியாகலாம். வந்தாலோ, அன்று வேலைக்குப் போகாததால் அந்த மாத வருகை ஊக்கத்தொகை போய்விடும். தனியாகப் பிரிந்து வாழ ஒவ்வொரு வெள்ளியும் தேவைப்படும் மாதம் அது!

சட்டத்துக்குக் காத்திருப்பது பற்றி ஒன்று சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சர்ஃப் கோஸ்ட் என்ற நகராட்சியில் 2010இல் தொழிற்சங்கம் ஒப்பந்தம் போட்டு இந்த விடுப்பை 20 நாள் வாங்கிக் கொடுத்தது. நாடு முழுவதற்கும் 10 நாள் என்ற சட்டம் நிறைவேறியது 2022இல். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த ஊழியர்கள் சட்டத்துக்காக ஏங்கி நிற்கவில்லை. நம் ஊரில் கூட்டு ஒப்பந்தத்துக்கு ஆயுள் இரண்டு முதல் மூன்று ஆண்டு. தொழில் நடுவர் நீதிமன்றம் சான்றளித்துவிட்டால் முதலாளியையும் அது கட்டுப்படுத்தும். இந்தச் சுற்றில் கேட்காமல் விட்டால் அடுத்த வாய்ப்புக்கு மூன்று ஆண்டு ஆகலாம்.

ஆனால் "10 நாள்" என்று மட்டும் எழுதி வாங்கிவந்தால் அது ஏட்டுச் சுரைக்காய்தான். விதியின் வாசகத்தில்தான் உயிர் இருக்கிறது. போலீஸ் புகார் கட்டாயம் என்று எழுதினால் பாதிப் பேர் கேட்கவே வரமாட்டார்கள். நீதிமன்றத் தாள், சமூகச் சேவையாளர் கடிதம், மருத்துவர் குறிப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று போதும் என்று இருக்க வேண்டும். அரைநாளாகவும் எடுக்க முடிய வேண்டும். காரணம் மனிதவளப் பிரிவில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும், மேற்பார்வையாளருக்கு "அனுமதி உண்டு" என்பதற்குமேல் எதுவும் போகக் கூடாது. வருகை ஊக்கத்தொகையில் கை வைக்கக் கூடாது.

சம்பளச் சீட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 2016 ஏப்ரல் முதல் விவரமான சீட்டு இங்கே கட்டாயம். அதில் "குடும்ப வன்முறை விடுப்பு, 1 நாள்" என்று அச்சாகி, மனைவியின் கைப்பேசியைத் தினமும் சோதிக்கும் கணவர் அதைப் பார்த்தால் அன்றிரவு அந்த வீட்டில் என்ன நடக்கும்? அதனால்தான் ஆஸ்திரேலியாவில் அந்தப் பெயரைச் சீட்டில் போடவே கூடாது என்று விதி வைத்தார்கள். நம் ஒப்பந்தத்திலும் அது சாதாரணச் சம்பள நாளாகவே பதிவாக வேண்டும். விடுப்புச் செயலியிலிருந்து போகும் குறுஞ்செய்திக்கும் இதே விதிதான்.

சங்கத்தின் கிளைச் செயலாளர்களுக்கும் பயிற்சி வேண்டும். உறுப்பினர் வந்து நின்றதும் "என்னம்மா நடந்தது?" என்று துருவாமல், "இன்றைக்கு வீட்டுக்குப் போவது பாதுகாப்பா? எந்த நேரத்தில், எந்த எண்ணில் உங்களைக் கூப்பிடலாம்?" என்று கேட்கத் தெரிய வேண்டும். 1800 777 0000 என்ற தேசிய உதவி எண்ணை எழுதிக் கொடுக்க வேண்டும், அதுவும் வீட்டில் யார் கண்ணிலும் படாத தாளில்.

எதிரணி நண்பர்களே, அடுத்த வாரம் அந்தத் துப்புரவு ஊழியருக்கு விசாரணைத் தேதி. அவருடைய 7 நாளும் தீர்ந்துவிட்டது. அந்த ஒரு நாள் சம்பளத்துக்கு அவர் யாரிடம் போய் நிற்பது? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.