டன்லூஸ் கோட்டையும் புல்லுக்கடியில் ஓர் ஊரும்

நேயர்களுக்கு வணக்கம்.

வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கரையில், கடலை முட்டி நிற்கும் செங்குத்துப் பாறையின் தலையில், கூரை போன கோட்டை ஒன்று இருக்கிறது. டன்லூஸ் என்று பெயர். அங்கே போகிறவர்களுக்கு முதலில் சொல்லப்படுவது ஒரு சமையலறைக் கதை. 1639இல் ஒரு புயல் ராத்திரி. பிரபுவும் மனைவியும் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறார்கள். சமையலறை ஆட்களோடு அப்படியே சரிந்து கடலில் விழுகிறது. மூலையில் உட்கார்ந்திருந்த பையன் மட்டும் பிழைக்கிறான்.

நான் இதை நம்புவதில்லை. அதற்கு நெடுநாள் கழித்து, 18ஆம் நூற்றாண்டில் வரைந்த ஓவியங்களில் கடல் பக்கச் சுவர் நின்றுகொண்டுதான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையின் சத்தத்தில் அங்கே வாழ்ந்தவர்களின் உண்மைக் கதை காதில் விழாமல் போகிறதே, அதுதான் எனக்கு வருத்தம்.

கோட்டையைக் கட்டியவர்கள் மெக்குயிலன் குடும்பத்தார். 1513ஆம் ஆண்டு ஆவணத்தில் கோட்டையின் பெயர் வந்துவிடுகிறது. அவர்கள் எழுப்பிய பருத்த வட்டக் கோபுரங்கள் இரண்டு இன்னும் நிற்கின்றன. அதே நூற்றாண்டின் நடுவில், ஸ்காட்லாந்துத் தீவுகளில் வேர்விட்ட மெக்டொனல் குடும்பம் சண்டை போட்டு அதைப் பறித்துக்கொண்டது.

அந்தக் குடும்பத்தில் பெரிய ஆள் சோர்லி பாய். ‘பாய்’ என்றால் இங்கே பையன் இல்லை. ஐரிஷ் மொழியில் மஞ்சள் என்று பொருள், மஞ்சள் முடிக்காரர். 1575இல் போருக்குப் பயந்து பெண்களையும் குழந்தைகளையும் எதிரே இருக்கும் ராத்லின் தீவுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆங்கிலப் படை கப்பலில் போய் அங்கே நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றது. சோர்லி இக்கரையில் நின்று அதைப் பார்த்தார். படையை அனுப்பிய எசெக்ஸ் பிரபுவே எழுதியிருக்கிறார்: சோர்லி துயரத்தில் புத்தி பேதலித்தவர்போல் ஆனாராம், தனக்கு இருந்ததெல்லாம் போய்விட்டது என்று புலம்பினாராம்.

1584இல் கோட்டையும் கைவிட்டு ஆங்கிலேயரிடம் போனது. அடுத்த ஆண்டே அதை மீட்டார். உள்ளேயிருந்த வேண்டியவர்கள் கூடையில் கயிறு கட்டி, அவருடைய ஆட்களைப் பாறைமேல் இழுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். 1586இல் அவர் டப்ளினுக்குப் போய் ஆங்கில அரசிக்குப் பணிந்தார். நிலம் தங்கியது.

அப்புறம் 1588 அக்டோபர். இங்கிலாந்தைத் தாக்க வந்த ஸ்பானியக் கப்பற்படையான அர்மடாவின் ஹிரோனா என்ற கப்பல், பக்கத்திலேயே பாறையில் மோதி உடைந்தது. அதில் இருந்தவர்கள் 1,300 பேர் அளவில். பிழைத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். சோர்லியின் ஆட்கள் பீரங்கிகளை மேலே கொண்டுவந்து, மூன்றைக் கோட்டை வாசலில் நிறுத்தினார்கள். மீதியைக் கடல் வைத்துக்கொண்டது. 1967இலிருந்து ராபர்ட் ஸ்டெனுவி என்ற பெல்ஜிய முக்குளிப்பாளர் அங்கே மூழ்கித் தேடினார். கிடைத்த நகைகளில் ஒரு தங்க மோதிரம். ஒரு கை ஓர் இதயத்தை ஏந்தியிருக்கும். ‘உனக்குத் தர என்னிடம் இனி ஒன்றுமில்லை’ என்று ஸ்பானிய மொழியில் பொறித்திருக்கும். பெல்ஃபாஸ்டில் அல்ஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சோர்லியின் மகன் ரேண்டல், 1608 வாக்கில் கோட்டை வாசலுக்கு வெளியே ஓர் ஊரையே கட்டினார். பின்னால் ஆன்ட்ரிமின் முதல் பிரபு ஆனவர் இவர்தான். ஸ்காட்லாந்திலிருந்து வணிகர்களும் கைவினைஞர்களும் குடும்பத்தோடு வந்து குடியேறினார்கள். 1641இல் அயர்லாந்தில் மூண்ட கலகத்தில் ஊர் எரிந்தது. கோட்டை தப்பியது, ஆனால் ஊர் பழையபடி எழவேயில்லை. 1690க்குப் பிறகு குடும்பத்துக்கும் கை வறண்டது. கோட்டையைப் பேணுவார் இல்லாமல் கல் கல்லாக உதிர்ந்தது.

அந்த ஊர் எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை. 2011 அகழாய்வில் வாசலை ஒட்டிய வயலில் புல்லை உரித்தபோது, கட்டம் கட்டமாக வகுத்த தெருக்களும் வீடுகளின் அடித்தளமும் தெரிந்தன. இங்கே வீட்டுக்குள்ளேயே கழிப்பறை இருந்ததற்குச் சான்று கிடைத்தது. தோண்டியது கொஞ்சம்தான். ஊரின் பெரும்பகுதி இன்னும் மண்ணுக்கடியில் இருக்கிறது.

என்றைக்காவது டன்லூஸ் போனீர்களானால், சமையலறை விழுந்த இடத்தைக் காட்டச் சொல்லிக் கடல் பக்கம் ஓடாதீர்கள். வாசலுக்கு முன்னால் அந்தப் புல்மேல் கொஞ்ச நேரம் நில்லுங்கள். உங்கள் காலுக்குக் கீழே யாரோ ஒருவர் வீட்டு வாசற்படி இருக்கலாம்.

நன்றி, வணக்கம்.