மகள் வாசலுக்கு வந்தபோது

வணக்கம். ஓரட்டோரியோ, அதாவது பெரும்பாலும் வேதாகமக் கதையைப் பாடியே சொல்லும் இசைப் படைப்பு, என்றால் பெரிய அரங்கு, நூறு பேர் சேர்ந்து பாடும் கோரஸ் என்றுதான் மனதில் ஓடும். இன்று நான் பேசப்போவது அரை மணி நேரம்கூட ஓடாத ஒன்று: இசையமைப்பாளர் ஜாக்கமோ கரிசிமியின் 'யெப்தே'. அவர் ரோமில் ஜெர்மன் கல்லூரியில் இசைப் பொறுப்பில் இருந்தவர். 1650இல் அச்சான ஒரு நூலில் கிர்ச்சர் என்ற இயேசு சபைத் துறவி இதைப் புகழ்ந்திருக்கிறார். ஆகவே அதற்கு முன்பே கரிசிமி எழுதி முடித்துவிட்டார்.

கதை நியாயாதிபதிகள் ஆகமம், 11ஆம் அதிகாரம். அம்மோனியரை ஜெயித்துத் திரும்பும்போது என் வீட்டு வாசலிலிருந்து முதலில் எதிரே வருவது எதுவோ, அதைத் தகனபலியாகத் தருகிறேன் என்று இஸ்ரவேலின் தலைவன் யெப்தா நேர்ந்துகொள்கிறான். ஜெயிக்கிறான். வாசலில் வருவது அவனுடைய ஒரே மகள்.

வேஷம் கிடையாது, நடிப்பு கிடையாது, எல்லாம் காதுக்குத்தான். கதை சொல்லும் பாத்திரத்துக்கு ஹிஸ்டோரிகுஸ் என்று பெயர். ஆனால் அது ஒரே ஆள் அல்ல. ஒருமுறை தனிக்குரல், ஒருமுறை இரண்டு குரல்கள், சில இடங்களில் முழு கோரஸே கதை சொல்கிறது. ஊரே கூடிச் சொல்வதுபோல இருக்கும்.

மகள் மேளதாளத்தோடு துள்ளிக்கொண்டு பாடி வருகிறாள். எல்லாம் மேஜரில், அதாவது மேற்கத்திய இசையில் மகிழ்ச்சி தொனிக்கும் சுர வரிசையில், கல்யாண வீடு மாதிரி. அப்பன் பார்க்கிறான். "ஐயோ, என் மகளே!" என்று வாய் திறக்கிறான். அந்த இடத்தில் இசை மைனருக்குள், சோகம் தொனிக்கும் சுர வரிசைக்குள், விழுகிறது. அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, நமக்குத் தெரிந்துவிடுகிறது.

அப்புறம் அந்த மலைக்காட்சி. இரண்டு மாதம் தவணை கேட்டு, தன் கன்னிமைக்காக அழ மலைக்குப் போகிறாள். குன்றுகளே அழுங்கள், மலைகளே வருந்துங்கள், ஓலமிடுங்கள் என்கிறாள். அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் இரண்டு சொப்ரானோ குரல்கள், அதாவது மிக உயர்ந்த சுருதிக் குரல்கள், எதிரொலியாகத் திருப்பித் தருகின்றன. 'ஓலமிடுங்கள்.' மலையும் அவளோடு சேர்ந்துகொள்கிறது என்று நினைக்கத் தோன்றும். எனக்கென்னவோ, பதில் சொல்ல அங்கே ஆளே இல்லை என்றுதான் கேட்கிறது.

நேர்ந்தபடியே அவளுக்குச் செய்தான் என்று வேதாகமம் சொல்கிறது. கரிசிமி அந்த வரிக்கே போகவில்லை. கத்தி இல்லை, பலிபீடம் இல்லை. ஆறு குரல் கோரஸ் ஒன்று, 'அழுங்கள், இஸ்ரவேல் புத்திரரே' என்று, ஒரு குரல் மற்றதன்மேல் உரசி உரசி. அத்தோடு சரி.

நூறு வருஷம் கழித்து லண்டனில் ஹாண்டல் என்ற இசையமைப்பாளர் இதே கதையை எடுக்கிறார். 1751 பிப்ரவரியில், 'ஆண்டவரே, உம் தீர்ப்புகள் எவ்வளவு இருண்டவை' என்ற கோரஸ் நடுவே இடது கண் மங்கி எழுத முடியாமல் நிறுத்துகிறார். ஆனால் அவருக்குப் பாட்டெழுதிய தாமஸ் மோரல் ஒரு பாதிரியார். பெண்ணைச் சாகவிட அவருக்கு மனசு வரவில்லை. ஒரு தேவதூதன் வந்து, பலி வேண்டாம், இவள் கன்னியாகவே கடவுளுக்குரியவளாக வாழட்டும் என்கிறான். அந்தத் தூதனை எனக்குப் பிடிக்காது. ஹாண்டலுக்கு கரிசிமியின் முடிவு தெரியாமலும் இல்லை. சுமார் பத்து வருஷம் முன்பே, அந்த ஆறு குரல் கோரஸை எடுத்துத் தன் 'சாம்சன்' ஓரட்டோரியோவில் வைத்துக்கொண்டவர் அவர்.