பல மரம் கண்ட தச்சனும் சிப்ஸ் மாஸ்டரும்

(நாகர்கோவிலில் சிறுதொழில் நடத்துகிறவர்கள் கூட்டத்தில் பேசியது. இருமலையும் மைக் கோளாறையும் மட்டும் நீக்கிவிட்டு, பேசியபடியே தருகிறேன்.)

தலைமை தாங்கும் ஐயா அவர்களே, குத்துவிளக்கு ஏற்றிவைத்த வங்கி மேலாளர் அம்மா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்து, போதாக்குறைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கும் பொறுப்பேற்றிருக்கிற அண்டி ஆபீஸ் (முந்திரிப் பருப்புத் தொழிற்சாலை) பெரியவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கிற முன்னாள் பேரூராட்சித் தலைவர் அவர்களே (அவரை முதலில் பின்னால் உட்கார வைத்ததற்கு அமைப்பாளர்கள் ஏற்கெனவே மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள், நானும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்), மீன்வலைக் கம்பெனி, கயிற்றுத் தொழில், ரப்பர், பூ ஏற்றுமதி என்று பல பக்கமிருந்தும் வந்திருக்கிற முதலாளிமார்களே, அவர்களோடு வந்திருக்கிற மேனேஜர்களே, கணக்கர்களே, எல்லாருக்கும் வணக்கம். தோவாளையிலிருந்து வந்த அண்ணன் எனக்குப் போட்ட மாலை ஏதோ கல்யாண மாப்பிள்ளைக்குக் கட்டினது மாதிரி இருக்கிறது, இந்த வயசில் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

‘நிறுவனத்துக்கு முக்கியமான வேலையில் ஊழியர்களின் கவனத்தைத் திருப்புவது எப்படி’ என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. நான் மேலாண்மை படித்தவன் இல்லை. நாற்பது கடைக்கும் கம்பெனிக்கும் கணக்கு எழுதிக் கிழவனானவன், அதோடு கடைமடையில் கொஞ்சம் வயல் வைத்திருக்கிறவன். மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். எது முக்கியம் என்று முதலாளி வாய் திறந்து சொல்ல வேண்டும், இது ஒன்று. முக்கியமில்லாததை ஊழியர் தலையிலிருந்து இறக்க வேண்டும், இரண்டு. மூன்றாவது சம்பளத்தைப் பற்றியது, அதைக் கடைசியில் சொல்கிறேன், இல்லாவிட்டால் முதலாளிகள் இப்போதே எழுந்து போய்விடுவார்கள்.

எங்கள் அப்பா பேச்சுக்குப் பேச்சு ஒரு பழமொழி சொல்வார்: பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான். பரீட்சைக்கு நான் நாலு புத்தகத்தை விரித்து வைத்திருந்தால் சொல்வார், தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது சொன்னார், ஜவுளிக்கடையில் அம்மா புடவை எடுக்கும்போது சொல்லித் திட்டும் வாங்கினார். இன்றைக்கு நானும் அதை அடிக்கடி சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயத்துக்கு வருகிறேன். நம் முதலாளிமார் நாலு பேர் கூடினால் முதல் பேச்சே ‘ஆள் கிடைக்கல, கிடைச்ச ஆளும் சரியில்ல’ என்பதுதான். சரி, அந்த ஆளிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று அவனுக்குத் தெரியுமா? நான் கணக்குப் பார்க்கப் போகிற இடங்களில் முதலாளியிடமும் தொழிலாளியிடமும் தனித்தனியாக ஒரே கேள்வி கேட்பது வழக்கம். ‘இன்னைக்கு எந்த வேலை நடக்கலைன்னா கம்பெனிக்கு நஷ்டம்?’ ஒரு வலைக் கம்பெனியில் முதலாளி சொன்னார், கண்ணி அளவு பிசகக் கூடாது, பிசகினால் சரக்கு துறைமுகத்திலிருந்து திரும்பி வரும் என்று. மெஷினில் நிற்கிற பெண்ணிடம் கேட்டேன். ‘காலைல வந்த உடனே விரல் வைக்கணும் சார், அது விட்டுப்போனா அரைநாள் போச்சு’ என்றாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. எதற்குச் சம்பளம் பிடிப்பார்களோ அதுதான் முக்கியம் என்று அவள் புரிந்துகொண்டிருக்கிறாள். கண்ணி பிசகியதற்காக அவளை யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டதே இல்லை.

மேலாண்மை எழுத்தாளர் பீட்டர் டிரக்கர் 1954-லேயே, குறிக்கோளை முதலில் தெளிவாக வைத்து அதிலிருந்து ஒவ்வொருவர் வேலையையும் வகுக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். கம்ப்யூட்டர் சிப் செய்கிற இன்டெல் கம்பெனியில் தலைவராக இருந்த ஆண்டி குரோவ் அதை இன்னும் இறுக்கிப் பிடித்தார்: குறிக்கோள் சிலதான் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் நிறைவேறியதா என்று அளந்து பார்க்க வழி வேண்டும். அங்கே வேலை பார்த்த ஜான் டோர் 1999-ல் அந்த முறையைக் கூகுளுக்குக் கொண்டுபோனார், அப்போது அது சின்னக் கம்பெனி. 1997-ல் ஆப்பிள் கம்ப்யூட்டர் கம்பெனிக்குத் திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் பலகையில் நாலே நாலு கட்டம் போட்டார்: வீட்டு உபயோகத்துக்கு இரண்டு, தொழில்காரருக்கு இரண்டு, அந்த இரண்டிரண்டில் மேசைக்கு ஒன்று, கையில் தூக்கிப்போக ஒன்று. அந்த நாலில் அடங்காததை எல்லாம் கைவிட்டார்கள். பல மரம் கண்ட தச்சன் என்று அவருக்கு யார் சொன்னார்களோ!

அமெரிக்கா போதும், நம்ம ஊர் சிப்ஸுக்கு வருவோம்.

பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம், நம் மாவட்டம்தான். ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய், சிப்ஸ் போடுகிற இடம். அங்கே ஒரு மாஸ்டர் இருந்தார். தேங்காய் எண்ணெய் காய்ந்ததும் காயை நேராக உருளிக்கு மேலேயே சீவி விடுவார். சோவென்று நுரை பொங்கும். அது கொஞ்சம் அடங்கும்போது, உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை ஒரு கை தெளிப்பார், மறுபடி பொங்கும். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். உண்மையாகவே கண்ணை மூடிக்கொள்வார். கரண்டியில் பட்டுச் சிப்ஸ் கலகல என்று சத்தம் கொடுத்த உடனே அள்ளி வடித்துவிடுவார். திருவனந்தபுரத்திலிருந்து ஓணத்துக்கு ஆர்டர் வருவது அந்தக் காதுக்காகத்தான்.

முதலாளியின் மகன் வெளியூரில் மேலாண்மை படித்துவிட்டு வந்தார். நல்ல பையன், உழைப்பாளி, அப்பா மேல் பாசமும் உண்டு. வந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தார். ஒவ்வொரு ஈட்டுக்கும் எண்ணெய்ச் சூடு, காய் எடை, சிப்ஸ் எடை, கூடவே ஒரு படமும் அனுப்ப வேண்டும். மாஸ்டர் கையெல்லாம் எண்ணெய், போனைத் தொட்டால் வழுக்குகிறது. ‘மக்கா, நான் சிப்ஸ் போடவா, படம் போடவா, ஏதாவது ஒண்ணு சொல்லு’ என்றார். ‘ரெண்டும்தான் மாமா’ என்றார் பையன். மாஸ்டர் தன் தங்கச்சி மகனைப் படம் எடுக்கக் கூட்டிவந்தார். அந்தப் பயலுக்கு அதில் ஒரு கலை இருந்தது, பாருங்கள்! ஜன்னல் வெளிச்சம் விழுகிற பக்கம் உருளியை நகர்த்தச் சொல்வான், ‘மாமா, கரண்டிய ஒரு நிமிசம் அப்படியே தூக்கிப் பிடிங்க’ என்பான், ‘ஆவி நல்லா வரல, இன்னொருக்கா’ என்பான். இவர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், உள்ளே சிப்ஸ் கருகுகிறது. கருகினது படத்தில் தெரியாது, அதற்கும் போனில் ஏதோ வழி இருக்கிறதாம். மாதக் கடைசியில் சிறந்த ஊழியர் என்று ஒரு பரிசு கொடுத்தார்கள். யாருக்கு? தங்கச்சி மகனுக்கு! ஒரு குக்கர்.

அந்த வருஷம் ஓணத்துக்குப் போன சரக்கில் பாதி கேரள எல்லையான களியக்காவிளை தாண்டித் திரும்பி வந்தது. பெரிய முதலாளி ஒரு சிப்ஸை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு மகனிடம் கேட்டார், ‘ஏலே, போட்டோ நல்லாத்தான இருந்து?’ அவ்வளவுதான் கேட்டார். மறுநாள் குழுவைக் கலைத்துவிட்டார்கள். மாஸ்டர் குக்கரைத் தங்கச்சி வீட்டுக்கே கொடுத்து அனுப்பினார் என்பது கேள்வி.

அந்தப் பையன் கேட்ட விவரங்களில் எண்ணெய்ச் சூடு ஒன்று உருப்படியானது, அதைத் தினம் ஒருமுறை எழுதி வைத்திருந்தால் போதும். கேட்கிற ஒவ்வொரு கணக்கும் ஒருவனுடைய கையை வேலையிலிருந்து எடுக்கிறது. எங்கள் கணக்கர் கூட்டமும் இதற்கு உடந்தை. புதிதாக ஒரு பேரேடு போடச் சொல்கிற நாளில் பழைய ஒன்றை மூடச் சொல்ல எங்களுக்கு வாய் வராது.

இரண்டாவது விஷயத்துக்கு வந்துவிட்டேன். இதற்கு நம் மாவட்டத்திலேயே பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. என்னைத் தெரிந்தவர்கள் இப்போதே சிரிக்கிறார்கள், சிரியுங்கள். ஆமாம், வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற பாசனச் சானலைப் பற்றித்தான்.

பேச்சிப்பாறை அணை 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்தது. திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா காலம், பொறியாளர் மிஞ்சின் துரை. அந்த மனுஷர் எடுத்துக்கொண்ட வேலை ஒன்று, அதை முடித்தார், கல்லறையும் அங்கேயே இருக்கிறது. இன்றைக்குப் பேப்பரைத் திறந்தால் பேச்சிப்பாறை 48 அடியில் இத்தனை, பெருஞ்சாணி 77 அடியில் இத்தனை என்று தினமும் போடுகிறார்கள். ஜூன் மாதம் முதல் நெல் போகமான கன்னிப்பூவுக்குத் தண்ணீர் திறந்தால் இரண்டாம் போகமான கும்பப்பூ முடிய, பிப்ரவரிக் கடைசி வரை ஓட வேண்டும். இந்த அணைகளை நம்பியிருக்கிற கோதையாறு பாசனத்தில் 79 ஆயிரம் ஏக்கர் என்று செய்திக்குறிப்பு வருகிறது. அணையில் எத்தனை அடி என்பது எல்லாருக்கும் தெரியும். கடைமடையில் எத்தனை அங்குலம் வந்தது என்று எந்தப் பேப்பரில் வருகிறது? நமக்கு வேண்டியது அந்தக் கணக்குத்தானே?

சானலைப் பார்க்கிற லஸ்கர் என்று ஒருவர் இருந்தார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையிலேயே நடப்பார். எந்த மடையில் எவன் பலகை வைத்துத் தண்ணீரை மறித்திருக்கிறான், எங்கே நண்டு துளைத்துக் கரை கசிகிறது, எந்தத் தொட்டிப்பாலத்தில் வாழைத்தண்டு அடைத்து நிற்கிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். அவருடைய வேலை ஒன்றே ஒன்று, தண்ணீர் கடைசி வயலுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த மாதிரி ஆட்கள் குறைந்துபோனார்கள். மிச்சம் இருக்கிறவரைக் கூப்பிட்டு ஆபீசில் தபால் எடுத்துப் போகச் சொல்கிறார்கள், போன் எடுக்கச் சொல்கிறார்கள், பெரியவர் யாராவது வந்தால் நாற்காலி போடச் சொல்கிறார்கள். போன கன்னிப்பூவில் எங்கள் பக்கம் நாற்றங்கால் வெடித்துக் கிடந்தபோது நான் போய்க் கேட்டேன். அவர் பாவம், கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறார். ‘எனக்கும் தெரியும் அண்ணாச்சி, மேல மூணு மடையில பலக வச்சிருக்கானுவ. நான் எப்படிப் போக?’ என்றார். சிப்ஸ் மாஸ்டருக்கு வந்த கதிதான் அவருக்கும்.

தூர் வாரினால்தானே தண்ணீர் போகும் என்பார்கள். சரி, வாருங்கள், ஆனால் மே மாதத்தில் வாருங்கள். தண்ணீர் திறந்த பிறகு மெஷினை இறக்கி, மண்ணை வாரிக் கரையிலேயே போட்டு, அடுத்த மழையில் அது திரும்ப உள்ளே விழுகிற கூத்தை நான் எத்தனை மேடையில்தான் சொல்வது? சுசீந்திரம் தேரூர் குளத்துக்கும் வேம்பனூர் குளத்துக்கும் 2022-ல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநில அங்கீகாரம் கிடைத்தது, நமக்குப் பெருமை, பறவைகளுக்கும் சந்தோஷம். அந்தக் குளங்களுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற ஓடைகளைப் பற்றியும் யாராவது ஒரு கூட்டம் போடுங்கள்.

இதற்கும் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம் என்று வங்கி மேலாளர் அம்மா முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது. உங்கள் கிளையில் நகைக்கடன் மேசைக்காரரைக் கூப்பிட்டு எத்தனை விண்ணப்பத்துக்கு ஆள் பிடிக்கச் சொல்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும் அம்மா, நான் விவரித்தால் நன்றாயிருக்காது. பல மரம் கண்ட தச்சன்தான் எல்லா இடத்திலும்.

தலைவர் ஐயா துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். அப்போ சம்பள விஷயம் அடுத்த கூட்டத்துக்குத்தான், முதலாளிகள் நிம்மதியாகச் சாப்பிடலாம். ஒரே ஒரு வேண்டுகோள். வாசல் பக்கத்து மேசையில் ஒரு மனு வைத்திருக்கிறேன். சானல் ஆட்களை வேறு வேலைக்கு இழுக்கக் கூடாது, காலியாக இருக்கிற இடங்களை நிரப்ப வேண்டும், கடைமடை அளவை வாரம் ஒருமுறை போர்டில் எழுதிப் போட வேண்டும், இவ்வளவுதான் அதில் இருக்கிறது. அடுத்த குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுக்கப் போகிறோம். வயல் இல்லாதவர்களும் கையெழுத்துப் போடலாம், உங்கள் வீட்டுக் கிணறும் அந்தச் சானல் ஊற்றில்தான் நிற்கிறது. மேசையில் பேனா ஒன்றுதான் இருக்கிறது, பையில் வைத்திருக்கிறவர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள். வணக்கம்.