கிரேக்கத் தலைக்கவசமா? முதல்ல காதைப் பாருங்க

[காட்சி: மண்ணிலிருந்து எடுத்த, பச்சை பூத்த வெண்கலக் கவசம்]

கிரேக்கத் தலைக்கவசம்னாலே குதிரைமயிர்க் கொண்டைதான் நம்ம மனசுல வரும். ஆனா மயிர் மட்கிப் போயிடும். நம்ம கைக்குக் கிடைக்கிறது வெண்கலம் மட்டும்தான். அதனால வகையைக் கண்டுபிடிக்க, காது இருக்கிற இடத்தைப் பாருங்க.

காது முழுசா மூடியிருக்கா? பாதாம்பருப்பு வடிவத்துல ரெண்டு கண், நடுவுல நீளமா இறங்குற மூக்குத் தகடு இருக்கா? அப்போ அது கொரிந்திய வகை.

[காட்சி: ஒலிம்பியா அருங்காட்சியகம். கவசத்தின் விளிம்பு நெருக்கத்தில்]

இந்த விளிம்போரம் கீறியிருக்கிற எழுத்தைப் பாருங்க: "மில்தியாதிஸ் சியூஸுக்குக் காணிக்கையாக்கினான்." சியூஸ்னா கிரேக்கர்களோட தலைமைக் கடவுள், ஒலிம்பியா அவரோட கோயில் இருந்த ஊர். கி.மு. 490-ல ஏதென்ஸ் பக்கத்து மாரத்தான் சமவெளியில பாரசீகர்களை முறியடிச்ச தளபதி பேரும் மில்தியாதிஸ்தான். அவர் போட்டதுதான்னு பலரும் நம்புறாங்க. இதைப் பார்க்கிறப்பல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இந்த வகையில முக்கால்வாசி ஒரே தகட்டைத் தட்டித் தட்டியே செஞ்சது. எவ்வளவு கைத்திறன் பாருங்க! ஆனா போட்டுக்கிட்டா பக்கத்துல நிக்கிறவன் சொல்றதுகூடச் சரியா கேக்காது.

[காட்சி: சால்கிடிய வகை, பக்கவாட்டில்]

அந்தக் குறை தீர்ந்தது இங்கேதான். காதுக்கு நேரா வளைச்சு வெட்டிவிட்டிருக்காங்க. மூக்குத் தகடும் சின்னதாயிடுச்சு. இது சால்கிடிய வகை. காது திறந்து, மூக்குத் தகடே இல்லேன்னா அட்டிக் வகை.

முகம் கிட்டத்தட்டச் சதுரமா திறந்து, உச்சந்தலையில ரெண்டு வரப்பு ஓடுதா? அது இல்லீரிய வகை. பேரை நம்பிடாதீங்க. இல்லீரியா கிரேக்கத்துக்கு வடக்கே இருந்த பகுதி, ஆனா இதை முதல்ல செஞ்சது கிரேக்கத்தோட தெற்கே இருக்கிற பெலோபொனீஸ் தீபகற்பத்துல.

கூம்பு மாதிரி, கன்னத் தகடே இல்லாம இருந்தா பைலோஸ். கம்பளித் தொப்பியோட வடிவம். ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதின பெலோபொனீசியப் போர்க் காலத்து ஸ்பார்ட்டா வீரனைப் படமா வரைஞ்சா, தலையில இதைத்தான் வரையணும். அகல விளிம்பு வளைஞ்சு இறங்கினா போயோட்டிய வகை. குதிரைவீரனுக்குச் சுத்திலும் கண்ணு தெரியணுமே, அதனால குதிரையேற்றம் பத்தி எழுதின கிரேக்க எழுத்தாளர் ஜெனோபோன் பரிந்துரைச்சது இதைத்தான்.

[காட்சி: பெரிக்ளிஸ் மார்பளவுச் சிலை]

ஒரு இடத்துல எல்லாரும் ஏமாறுவாங்க. ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸ் தலையில இருக்கிறது புது வகை இல்லைங்க, அதே கொரிந்தியக் கவசம்தான். சண்டை இல்லாத நேரத்துல மேலே தள்ளிவிட்டுக்குவாங்க.

[காட்சி: தென் இத்தாலிக் கவசம், நெருக்கத்தில்]

தென் இத்தாலியில அப்படித் தள்ளிவிட்ட கோலத்துக்கே கவசம் செஞ்சாங்க. இதைக் கீழே இழுக்க முடியாது. நெத்திக்கு மேல இருக்கிற கண் ரெண்டும் அலங்காரம். சிலதுல ஓட்டைகூடக் கிடையாது, வெறும் கீறின கோடுதான்.