1843 சர்க்கஸ் போஸ்டர்: வரிக்கு வரி எழுத்து மாறுறது ஏன்? சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்விக்கு வரேன். ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "போன வீடியோவுல விக்டோரியா ராணி காலத்து குதிரை சர்க்கஸ் போஸ்டர் ஒண்ணு காட்டினீங்க. அதுல ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு மாதிரி எழுத்துல இருக்கு, போதாததுக்கு ஏகப்பட்ட ஆச்சரியக்குறி. அந்தக் காலத்து அச்சுக்காரங்களுக்கு அழகு பத்தின அக்கறையே கிடையாதா? அதுல எழுதியிருக்கிறதெல்லாம் நிஜமா நடந்ததா?"

இந்தக் கேள்வி வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம். போன தடவை அவசரமா தாண்டிப் போன இடம் இது.

அந்த வீடியோ பார்க்காதவங்களுக்காக ரெண்டு வார்த்தை. இங்கிலாந்துல, லங்காஷயர்ல, ராச்டேல்னு ஒரு நெசவு ஊர். அங்க டவுன் மெடோஸ்ங்கிற இடத்துல 1843 பிப்ரவரி 14, செவ்வாய்க்கிழமை ராத்திரி பாப்லோ ஃபாங்க் நடத்தின சர்க்கஸுக்கான போஸ்டர் அது. 1967 ஜனவரி 31-ஆம் தேதி பீட்டில்ஸ் இசைக்குழுவோட ஜான் லெனன், செவன்ஓக்ஸ்ங்கிற ஊர்ல ஒரு பழம்பொருள் கடையில அதை வாங்கினார். அதுல இருந்த வார்த்தைகளை வெச்சே ஒரு பாட்டும் எழுதினார். பாட்டுல சில விஷயங்களை மாத்திட்டார். குதிரையோட பேர் போஸ்டர்ல ஸான்தஸ், பாட்டுல ஹென்றி. ஊர் போஸ்டர்ல ராச்டேல், பாட்டுல பிஷப்ஸ்கேட் ஆயிடுச்சு. அதனால பாட்டைக் கேட்டுட்டு அதுதான் வரலாறுன்னு நினைச்சுடாதீங்க. போஸ்டரைத்தான் படிக்கணும்.

சரி, எழுத்து விஷயம். போஸ்டரோட அடியில சின்னதா அச்சகத்தோட பேர் இருக்கும்: ஜோன்ஸ் அண்ட் கிராஸ்கில், யார்க்ஷயர் தெரு, ராச்டேல். உள்ளூர் கடை. புத்தகம் விக்கிறது, பைண்டிங், அச்சு எல்லாம் ஒரே இடத்துல. இந்த மாதிரி கடையில போஸ்டர் சைஸ் எழுத்து எவ்வளவு இருக்கும்? பெரிய எழுத்தை ஈயத்துல வார்த்தா கனம் தாங்காது, விலையும் ஜாஸ்தி. அதனால மரத்துல வெட்டின எழுத்துகள் வந்துச்சு. நியூயார்க்ல டேரியஸ் வெல்ஸ்னு ஒருத்தர் 1827-ல அதை மெஷின்ல வெட்டுற வழி கண்டுபிடிச்சார். அப்பவும் ஒவ்வொரு சைஸுலயும், ஒவ்வொரு வகையிலயும் சில எழுத்துகள்தான் கடைக்காரர் வாங்கி வெச்சிருப்பார். ஒரே வகை எழுத்துல ரெண்டு வரி கோர்க்கலாம்னு பார்த்தா, ரெண்டாவது வரிக்கு ஆங்கில 'E' எழுத்து பத்தாது. அப்புறம், ஒவ்வொரு வரியும் தாளோட அகலத்தை முழுசா நிறைக்கணும்னு ஒரு பழக்கம். சின்ன வார்த்தைன்னா குண்டு எழுத்து, நீளமான வார்த்தைன்னா ஒல்லி எழுத்து.

ஆனா பற்றாக்குறை மட்டும்தான் காரணம்னு சொன்னா, அந்த அச்சுக்கோர்ப்பவருக்கு நாம அநியாயம் பண்றோம். போஸ்டரை உத்துப் பாருங்க. எது பெருசு? காட்சியோட பேர், ஆளோட பேர், குதிரையோட பேர், "நெருப்பு". எது சின்னது? "மற்றும்", "இந்த ஊர்ல முதல் தடவையா" மாதிரி இணைப்பு வார்த்தைகள். தெருவைத் தாண்டிப் போறவன் கண்ணுக்கு நாலஞ்சு வார்த்தை மட்டும் தெரியும். அது இழுத்துச்சுன்னா கிட்ட வந்து நின்னு மீதியைப் படிப்பான். படிக்கத் தெரியாதவங்களுக்குப் பக்கத்துல நிக்கிறவங்க படிச்சுக் காட்டுவாங்க. சத்தமா வாசிக்கிறவனுக்கு எங்க குரலை உயர்த்தணும், எங்க இறக்கணும்னு அந்த எழுத்தோட சைஸே சொல்லிடுது. அதுல எனக்கு அழகு தெரியுது.

இப்போ ரெண்டாவது பாதி, நிஜமா பொய்யா. மேல என்ன போட்டிருக்குன்னா, இந்த சீசனோட பிரம்மாண்டமான ராத்திரி, இதுக்கப்புறம் மூணே ராத்திரிதான்னு. "கடைசி ராத்திரி"ன்னு போட்டிருந்தா கூட்டம் இன்னும் வரும். ஆனா அப்படிப் போடலை, இன்னும் மூணு நாள் இருக்குன்னு கணக்காத்தான் போட்டிருக்கு. அடுத்த வரி முக்கியமானது. இது மிஸ்டர் கைட், மிஸ்டர் ஹெண்டர்சன் ரெண்டு பேருக்கான 'பெனிஃபிட்' ராத்திரி. அப்படின்னா அன்னிக்கு வர்ற வசூல்ல லாபம் அந்தக் கலைஞர்களுக்குப் போகும். சம்பளத்தோட சேர்த்து அவங்க நம்பியிருந்த வருமானம் இது. அதனாலதான் அவங்க பேர் முன்னாடி வருது, கைட் இதுக்கு முந்தி வெல்ஸ் சர்க்கஸ்ல இருந்தவர்ங்கிற தகுதியும் வருது. அந்த ஆச்சரியக்குறிகளுக்குப் பின்னாடி ரெண்டு மனுஷங்களோட வயித்துப்பாடு இருக்கு.

ஹெண்டர்சன் வெறுந்தரையில 21 குட்டிக்கரணம் போடுவார்னு இருக்கு. டிராம்போலின்ல குதிச்சு ஆளுங்க, குதிரைங்க மேல தாண்டி, வளையத்துக்குள்ள புகுந்து, கடைசியா "நிஜ நெருப்பு" எரியற பெரிய பீப்பாய் வழியா பாய்வார்னு இருக்கு. அந்த வகைப் பீப்பாய் சுமார் 240 லிட்டர் பிடிக்கும், ஆள் நுழையற அளவுதான். டிராம்போலின்னா நீங்க இப்போ பார்க்கிற வலை மாதிரி ஒண்ணை நினைக்காதீங்க, அது 1930-கள்ல அமெரிக்காவுல வந்தது. இது துள்ளிக் குதிக்க உதவற ஸ்பிரிங் பலகை. இதெல்லாம் அந்தக் காலத்து வித்தைக்காரங்க பழகினதுதான். ஹெண்டர்சன் 'உலகத்துக்கே சவால்' விடுறார்னு போட்டிருக்கிறதை வெறும் விளம்பரப் பேச்சுன்னு வெச்சுக்கலாம். ஆனா 21-ன்னு எண்ணிக்கை போட்டுட்டா, முன்வரிசைப் பையன் விரல் விட்டு எண்ணுவான். அங்க ஏமாத்த முடியாது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி வேற. கைட் கயித்து மேல நடக்கும்போது, "இந்த ஊரைச் சேர்ந்த ரெண்டு கனவான்கள்" அவரோட சேர்ந்து வித்தை காட்டுவாங்கன்னு இருக்கு. உள்ளூர்க்காரங்க! அவங்க சொந்தபந்தம், கூட வேலை செய்யறவங்க எல்லாம் டிக்கெட் வாங்குவாங்க இல்லையா? அடுத்த ஊர் போஸ்டர்ல இந்த வரி இருக்காது.

போஸ்டர் சொல்லாம விட்டதும் ஒண்ணு இருக்கு. பாப்லோ ஃபாங்க்கோட இயற்பேர் வில்லியம் டார்பி. நாரிச்ல பிறந்தவர், வில்லியம் பேட்டிங்கிற சர்க்கஸ்காரர் கிட்ட தொழில் கத்துக்கிட்டவர், பிரிட்டன்ல சர்க்கஸ் கம்பெனிக்கு முதலாளியான முதல் கறுப்பினத்தவர். அந்தப் போஸ்டர்ல அவர் நிறத்தைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. முதலாளியோட பேர் மட்டும் இருக்கு. அஞ்சு வருஷம் கழிச்சு, 1848 மார்ச்ல, லீட்ஸ்ல ஒரு பெனிஃபிட் ராத்திரியில இருக்கைப் பகுதி சரிஞ்சு விழுந்து அவர் மனைவி சூசன்னா இறந்துட்டாங்க. 1871-ல அவரும் காலமாகி, லீட்ஸ்லயே மனைவி பக்கத்துல அடக்கம் ஆனார். ஒரு பாட்டுல வர்ற பேரா மட்டும் அவரை உலகம் தெரிஞ்சு வெச்சிருக்கிறது எனக்கு வருத்தம்தான்.

கலர் போஸ்டர் பத்தியும் சிலர் கேட்டிருந்தீங்க. அது 19-ஆம் நூற்றாண்டோட பிற்பாதியில, கல்லச்சுல பல வண்ணம் அடிக்கிற முறை பரவினப்போ பெருகினது. பார்க்க பிரமாதமா இருக்கும். ஆனா பாயற குதிரை, சிரிக்கிற கோமாளின்னு மொத்தமா அடிச்சு வெச்சுட்டு, ஊர் பேரும் தேதியும் மட்டும் தனியா ஒட்டிக்குவாங்க. அந்த ராத்திரி அந்த ஊர்ல என்ன நடந்துச்சுன்னு அதுல கண்டுபிடிக்க முடியாது. என்னைக் கேட்டா கறுப்பு மை போஸ்டர்தான் பெரிய பொக்கிஷம்.

நேர்ல பார்க்கணும்னா லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல இந்த மாதிரி நிறைய வெச்சிருக்காங்க. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்துலயும் சர்க்கஸுக்கும் திருவிழாக் காட்சிகளுக்கும்னே ஒரு ஆவணக் காப்பகம் இருக்கு. இணையத்துல பார்த்தாலும் சரி, முதல்ல அடியில இருக்கிற அச்சகத்தோட பேரைத் தேடுங்க. அது உள்ளூர் அச்சகமா இருந்தா, மேல இருக்கிற ஒவ்வொரு வரியையும் நிதானமா படிங்க.

அடுத்த கேள்வி, குதிரை வளையத்தோட அளவு ஏன் எல்லா ஊர்லயும் 42 அடின்னு…