சுவரா, சுபாவமா?

நடுவர் அவர்களே, இரண்டு அணிக்கும் சேர்த்தே தலையாட்டுகிற புதுச்சேரிப் பெருமக்களே!

‘ஒன்றைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது வெளி அடையாளமா, உள்ளியல்பா?’ என்பது தலைப்பு. எதிரணித் தோழர் மஞ்சள் சுவரையும் காவலரின் சிவப்புத் தொப்பியையும் காட்டி, இவைதாம் நம் ஊரின் தனித்தன்மை என்றார். தொப்பி அழகுதான், மறுக்கவில்லை.

ஆனால் 1761-இல் ஆங்கிலேயர் இந்த நகரைப் பிடித்து இடித்துத் தள்ளினார்களே, அன்றோடு புதுச்சேரி இல்லாமல் போய்விட்டதா? சுவர்தான் தனித்தன்மை என்றால் அது செங்கல்லோடு போயிருக்க வேண்டும். நாம் இன்று படம் எடுத்துக்கொள்ளும் சுவர்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்தவை.

தொல்காப்பிய உரையாசிரியர்கள் இதில் கறாரானவர்கள். ‘செந்தாமரை’ என்றால் வெண்தாமரையிலிருந்து பிரிகிறது. ‘செஞ்ஞாயிறு’ என்றால் எந்த ஞாயிற்றிலிருந்து பிரிப்பது? செய்யுளுக்கு ஆகும், பேச்சு வழக்குக்கு ஆகாது என்றார்கள். பிரிக்காத அடைமொழி வெறும் ஒப்பனை. மஞ்சள் சுவர் எதிலிருந்து பிரிக்கிறது ஐயா? ஒரு வாளி வண்ணம் வாங்கினால் திண்டிவனத்திலும் எழுப்பிவிடலாமே!

1908-இல் பாரதியார் சென்னையிலிருந்து இங்கே வந்தார். தூண்களை ரசிக்கவா வந்தார்? அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்த மண்ணில் ஆங்கிலேயரின் கைது ஆணை செல்லாது என்பதால் வந்தார். பத்தாண்டுகள் கழித்து, 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டினார். கடலூர் அருகே கைதானார். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மண், ஒரே தென்னை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று மட்டும் மாறியிருந்தது.

‘சட்டம் எப்படி உள்ளியல்பாகும்?’ என்று நடுவர் புருவத்தை உயர்த்துகிறார். அதை எடுத்துவிட்டால் வாழ்க்கையே வேறாகிவிடும் அல்லவா? அதைத்தான் இயல்பு என்கிறேன்.

இன்னொரு சான்று. 1881-இல் வந்த பிரெஞ்சு ஆணையின்படி இங்கே சிலர் திருமணம், வாரிசுரிமை போன்றவற்றுக்கான தங்கள் மத வழித் தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றார்கள். ‘ரெனோன்சான்’ என்று அவர்களுக்குப் பெயர். இந்து வாரிசுரிமைச் சட்டம் புதுச்சேரியின் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு வீடுகள். வாசலில் ஒரே மாதிரிக் கோலம், அடுப்பில் ஒரே மீன் குழம்பு. பாகப்பிரிவினை என்று வந்தால் மட்டும் இரண்டு வேறு உலகங்கள்.

அந்த வீடுகளில் எது ரெனோன்சான் வீடு என்று எதிரணித் தோழர் தெருவில் நின்று பார்வையாலேயே சொல்லட்டும். சொல்லிவிட்டால் நான் அவர் அணியிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறேன். வணக்கம்.